தும்பிக்கையின் நுனி

உள்ளேயிருந்து டிங்கென்று ஒரு சத்தம் வந்தது. வெண்கலக் கிண்ணத்தின் விளிம்பை யாரோ நகத்தால் சுண்டிவிட்ட மாதிரி, அவ்வளவுதான். சூளைக்கு எதிரே சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்த பூவராகன் தலையைத் தூக்கவில்லை. தூக்கினால் பயந்துவிட்டான் என்று ஆகிவிடும், வேறு யாருக்கும் இல்லை, அவனுக்கே. கண்ணை மட்டும் இரும்புக் கதவுப் பக்கம் நகர்த்தினான். இது நல்ல சத்தம். பீங்கான் மேல் ஓடியிருக்கும் கண்ணாடிப் பூச்சு ஆறும்போது மயிரிழை மயிரிழையாக விரிந்துகொடுக்கும், அந்தச் சத்தம். பயப்பட வேண்டிய சத்தம் வேறு. அது டொக்கென்று வரும். பக்கத்து வீட்டில் அம்மிக் குழவியைக் கீழே வைத்த மாதிரி மொட்டையாக வரும். வந்தால் உள்ளே ஒன்று பிளந்துவிட்டது என்று அர்த்தம். விருத்தாசலத்துச் சூளைகளுக்குப் பக்கத்தில் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்தே பாதி ஆயுசு போய்விட்டது, காது தன் வேலையை மனசைக் கேட்காமலே செய்யும், டிங் எது டொக் எது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான், தூக்கம்தான் வருவதில்லை. முந்தாநாள் ராத்திரி முழுக்க எரித்தான். நேற்று விடியலில் பர்னரை அணைத்தான். அதிலிருந்து ஆறிக்கொண்டிருக்கிறது. உள்ளே தட்டுத் தட்டாக, வரிசை வரிசையாக, தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற அச்சு யானைகள். அவற்றுக்கெல்லாம் கீழே, மூலையில், அவன் கையால் செய்தது ஒன்று. அது தும்பிக்கையைத் தூக்கவில்லை. அது நிற்கக்கூட இல்லை. ஒருக்களித்துப் படுத்துத் தூங்குகிறது. தூங்கத்தான் வேண்டும். நான் தூங்க வைத்துத்தான் உள்ளே அனுப்பினேன். இப்போது தூங்குகிறதா இல்லையா என்பது கதவு திறந்தால் தெரியும். இல்லை, எனக்கு இப்போதே தெரியும், தூங்குகிறது, என்று சொல்லிக்கொண்டான். சொல்லிக்கொண்டபோது நெஞ்சு நன்றாக நிமிர்ந்தது. கால்தான் தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

"மணியோசை வந்தாச்சு, யானை பின்னாடி வரும்," என்று சொல்லிக்கொண்டே இருதயம் வந்தான். காலையில் அவனிடமிருந்து பொறுப்பை வாங்கிக்கொண்ட பகல்நேரச் சூளைக்காரன். "இன்னும் ஊட்டுக்குப் போவலியா நீ?"

"ஆறட்டும்."

"நீ உக்காந்து மொறைச்சா மட்டும் சீக்கிரம் ஆறிடுமா? பிரசவ ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறவன் மாதிரியே இருக்க. போய்ப் படு, ஆணா பொண்ணான்னு நானே வந்து சொல்றேன்."

"பொண்ணுதான்."

இருதயம் சிரித்தான். நல்ல மனுஷன். நல்ல மனுஷன்தான், ஆனால் வாய் சும்மா இருக்காது. பூவராகன் முதன்முதலில், கழித்துப்போட்ட மண்ணை உருட்டி, ராத்திரிப் பொழுது போகாமல் ஒரு யானை பிடித்தபோது, காலையில் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஊர்ல பூவராகசாமி பேரை வச்சாங்க, கையில பன்னிதான் வருது, சாமி குத்தமாய்டும்டா வேற எதையும் பண்ணாதே," என்றவன். அது பன்றிதான், ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். அடுத்தது எருமை. அதற்கடுத்தது எதுவும் இல்லை, நாலு காலில் நிற்கிற ஒரு மூட்டை. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. யானையைப் பார்க்கப் போவான். திருவிழாவுக்கு வருகிற யானை, கடைத்தெருவில் நடத்திக்கொண்டு வருகிற யானை, அதன் பின்னாலேயே போய் முழங்காலைப் பார்ப்பான். யானைக்கு எலும்பு எங்கே ஆரம்பிக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க அவனுக்கு ரொம்பக் காலம் ஆயிற்று. தோல் ஒரு சட்டை. வேறு யாருக்கோ தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு நடக்கிறது யானை, அதுதான் அதன் அழகு, இடுப்புக்குக் கீழே தொளதொளவென்று, நெற்றியில் இறுக்கமாக. இது கைக்குப் புரிந்த அன்றைக்கு மண் யானையாயிற்று. அதற்குப் பிறகு இருதயம் பன்றி என்று சொல்லவில்லை. ஆனால் தும்பிக்கையைத் தூக்கிவிடு, தூக்கிவிடு என்பான், எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள், தூக்கின தும்பிக்கைதான் லட்சுமி, வீட்டு வாசலைப் பார்த்து வைத்தால் அதிர்ஷ்டம். தொங்கவிட்ட தும்பிக்கையைக் கடைக்காரன் தொடமாட்டான். அப்படியிருக்கப் படுத்த யானையை எந்த வீட்டில் வைப்பார்கள்? எந்த வீட்டிலும் வைக்க மாட்டார்கள். ஒரே ஒரு வீட்டில் வைக்கத்தான் இதைச் செய்தான்.

மடியில் டிபன் பாக்ஸ் இருந்தது. இன்னும் சூடு இருந்தது. பெண்டாட்டி தையல்நாயகி காலையில் வேலைக்கு வரும்போது கொண்டுவந்து பெஞ்சில் வைத்துவிட்டுப் போனது. பக்கத்துக் கொட்டகையில்தான் அவளுக்கு வேலை, அச்சிலிருந்து எடுத்த ஈர யானைகளுக்கு நடுமுதுகில் ஒரு கோடு இருக்கும், இரண்டு பாதி அச்சும் சேர்கிற இடம், அதைக் கத்தியால் சீவி ஸ்பாஞ்சால் துடைத்து இல்லாமல் ஆக்குவது. தும்பிக்கையிலிருந்து வால்வரை ஒரே இழுப்பு. நாள் முழுக்க அவள் கைக்கு வருவதெல்லாம் அதிர்ஷ்ட யானைகள். சீவிக்கொண்டே பக்கத்தில் இருப்பவர்களோடு பேசுவாள், சிரிப்பாள், யானையைப் பார்க்கக்கூட மாட்டாள். பாகன் மகள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். காலையில் பாக்ஸை வைத்துவிட்டு அவனைப் பார்க்கவில்லை, சூளைக் கதவைப் பார்த்தாள். "எப்பத் திறப்பாங்க?" என்றாள். "ஆறணும்." "திறக்கறப்ப கூப்பிடு." அவ்வளவுதான். அந்த இரண்டு வார்த்தையை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறான், பாக்ஸை அல்ல. கூப்பிடாமல் விட்டுவிட்டால்? கூப்பிடாமல் இவனே திறக்கும்போது நின்று, பார்த்து, சரியில்லை என்றால் ஒரே தட்டு, அதை மண்ணோடு மண்ணாக்கி, வெடித்துப்போச்சு என்று சொல்லிவிட்டால்? சுட்ட மண் மண்ணாகாதே. ஓடுதான் ஆகும். அந்த ஓட்டையும் அவள் பார்ப்பாள். கூப்பிடுவேன். கூப்பிட்டுத்தான் திறப்பேன். எனக்கென்ன பயம்.

டிங். இன்னொன்று. மேல் தட்டு. யாரோ ஒரு லட்சுமி.

அவள் தன் யானைக் கதையைச் சொன்னது ஒரே ஒரு ராத்திரி. புயல் அடித்த வருஷம், கம்பமெல்லாம் சாய்ந்து, பாக்டரி மூடி, கல்யாணமான இத்தனை காலத்தில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இருட்டில் படுத்துக் கிடந்த சில ராத்திரிகளில் ஒன்று. அவனுக்கு ராத்திரியில் தூங்கத் தெரியாது, அவளுக்கு மழைச் சத்தத்தில் தூக்கம் வரவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், வேறு யாரோ பெண்ணின் கதையைச் சொல்கிற மாதிரி. காவிரிக்கரையில் ஒரு கோயில். அப்பா கலியபெருமாள் அங்கே பாகன். யானை பேர் பங்கஜம். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் இவள் அதன் வயிற்றுப் பக்கம் சாய்ந்துகொண்டு படிப்பாள், அது மூச்சு விடும்போது இவள் தலை ஏறி இறங்கும். ஒருநாள் காலையில் அப்பா தழை வெட்டப் போகிறார். பங்கஜம் படுத்திருக்கிறது. பகலில் அது படுப்பது அபூர்வம். "ராவெல்லாம் ஊர்வலம், அசந்து தூங்குது. எழுப்பாம பார்த்துக்க கண்ணு," என்று சொல்லிவிட்டுப் போகிறார். இவள் ஒரு வேப்பங்கொத்தை ஒடித்து வைத்துக்கொண்டு காவல் இருக்கிறாள். கையில் வாழைப்பழத்தோடு ஜனம் வருகிறது, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆசீர்வாதம் வாங்க வருகிறது. எல்லோரிடமும் வாயில் விரல் வைத்துக் காட்டுகிறாள். தூங்குது. அப்புறம் வாங்க. சத்தம் போடாதீங்க. ஒரு கிழவர் எட்டிப் பார்க்கப் போனபோது அவர் வேட்டியைப் பிடித்து இழுத்திருக்கிறாள். ஈ வருகிறது, கொத்தால் ஓட்டுகிறாள். வெயில் ஏறுகிறது, ஓட்டுகிறாள். மத்தியானம் அப்பா வாசலில் வந்து, உள்ளே பார்த்து, தலையிலிருந்த தழைக்கட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து, முட்டி போட்டு, தும்பிக்கையின் நுனியில் உள்ளங்கையை வைத்தார். வைத்தபடியே ரொம்ப நேரம் இருந்தார். திட்டவில்லை. அடிக்கவில்லை. "நுனியைப் பார்த்திருக்கக் கூடாதா கண்ணு. சுருட்டலியே," என்றார். அவ்வளவுதான் சொன்னது. தூங்குகிற யானை தும்பிக்கை நுனியை உள்பக்கமாகச் சுருட்டி வைத்துக்கொள்ளும், எறும்பு ஏறிவிடும் என்று பயம் அதற்கு. சுருட்டாமல் நீட்டிக் கிடந்தால் தூக்கம் இல்லை. பாகன் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இவளுக்கும் தெரியும். தெரிந்திருந்தும் பார்க்கவில்லை. "காலம்பறத்துலேருந்து செத்த யானைக்கு காவல் இருந்திருக்கேன்," என்றாள் தையல்நாயகி, மழையைப் பார்த்து. "தூங்குதுன்னு ஊரெல்லாம் சொல்லிகினு." பிறகு திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் முதுகில் கை வைக்கலாம் என்று நினைத்தான். வைத்தானா? வைத்தான் என்றுதான் நினைவு. கரண்ட் வந்த பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

ஆனால் அதற்குப் பிறகுதான் ஒன்று புரிந்தது. அவன் தூங்குவது பகலில். ஜன்னலில் நீல பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும், அறை முழுக்கத் தண்ணீருக்கு அடியில் இருக்கிற மாதிரி ஒரு வெளிச்சம், வெளியே மீன்காரர், மிக்ஸி, பள்ளிக்கூட வேன், உள்ளே அவன் கட்டை மாதிரி. தூக்கமா அது, பாதி தூக்கம். ஒருநாள் மத்தியானம் அந்தப் பாதி தூக்கத்தில் மண் வாசனை வந்தது. ஈர மண், ஸ்பாஞ்சுத் தண்ணீர். மூக்குக்குக் கீழே சில்லென்று ஒரு உள்ளங்கை. தொடாமல், இம்மி தூரத்தில். சாப்பாட்டு வேளையில் வீட்டுக்கு வந்திருக்கிறாள். வீடு பின் தெருவில்தான், தண்ணீர் குடிக்க வருவாள் என்று இவன் நினைத்திருந்தான். தண்ணீர் குடிக்க இல்லை. கண்ணைத் திறக்கவில்லை அவன். என்னவோ ஒரு பொல்லாத்தனம், விளையாட்டு, சின்னப் பிள்ளை புத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டான். ஒரு நொடி. அவ்வளவுதான் இருக்கும். கை நடுங்க ஆரம்பித்தது. மூக்குக்குக் கீழே, அந்த நீல வெளிச்சத்தில், அவள் கை காய்ச்சல்காரி கை மாதிரி நடுங்கியது. சட்டென்று பெரிதாக மூச்சை விட்டான், குறட்டை மாதிரியே விட்டான். கை போய்விட்டது. கதவு சாத்துகிற சத்தம். அதற்கப்புறம் தினமும் மத்தியானம் அந்த மண் வாசனை வரும், அவனும் தினமும் தூங்குகிற மாதிரியே கிடந்து நன்றாக, ஒழுங்காக, கணக்காக மூச்சு விட்டுக் கொடுப்பான். இவ்வளவு காலமாக அவளுக்கு அவன் செய்து வருகிற ஒரே நல்ல காரியம் அதுதான் போலிருக்கிறது. படுத்துக்கிடப்பதெல்லாம் சாவு இல்லை என்று ஒருத்திக்கு எப்படிச் சொல்வது? வாயால் சொல்ல முடியாது. நாள்தோறும் மூச்சு விட்டுக்காட்டலாம். இல்லை, கையால் சொல்லலாம்.

அப்படித்தான் ஆரம்பித்தான். முதல் தூங்குகிற யானையை வாரக்கணக்கில் பிடித்தான். வயிறு சரிந்த விதம், கீழ்க்காது மடங்கி நசுங்கின விதம், மேல்கால் கீழ்க்காலின் மேல் சும்மா விழுந்து கிடக்கிற விதம். இருதயமே வாயை மூடிக்கொண்டு பார்த்தான். தையல்நாயகியிடம் காட்டினான். ஈரம் போகாத யானை, மேல் துணியை எடுத்தான். அவள் குனிந்து பார்த்தாள். "செத்துப்போச்சுல்ல இது," என்றாள். குரலில் ஒன்றுமே இல்லை. உள்ளே போய்க் குழம்புக்குப் புளி கரைத்தாள். அவன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். அவள் சொன்னது சரிதான். தும்பிக்கையைத் தரையோடு நீட்டிவிட்டிருந்தான். அந்தப் புயல் ராத்திரியில் அவள் சொன்ன எல்லாவற்றையும் கேட்டவன், அதை மட்டும் காதில் வாங்கி, கையில் வாங்காமல் விட்டிருந்தான். அழகாக இருக்கிறது என்று நீட்டிவிட்டிருந்தான்! அதைத் தூக்கித் தண்ணீர்த் தொட்டியில் போட்டான். கரைந்து போகிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றான். ஈர மண்ணில் அது ஒரு சௌகரியம், எதுவும் முடிந்துபோவதில்லை, தண்ணீர் விட்டால் எல்லாம் மறுபடி ஆரம்பம். நெருப்புக்குப் போகும்வரைதான் அந்தச் சலுகை.

அதே மண்ணில்தான் இரண்டாவது. இந்தத் தடவை தும்பிக்கையிலிருந்து ஆரம்பித்தான். நியூஸ் பேப்பரை மெல்லிசாகச் சுருட்டி, அதன்மேல் மண்ணைச் சுற்றி, நுனிவரை உள்ளே ஒரு வழி. பேப்பர் எரிந்துபோகும், வழி நிற்கும். வயிறு முழுக்க வெற்றிடம், மண்ணுக்குள் அடைபட்ட காற்றும் ஈரமும் சூட்டில் வெளியே வர ஒரு துளை வேண்டும், இல்லாவிட்டால் வெடித்துப் பக்கத்தில் இருக்கிற யானைகளையும் சேர்த்துக் கொன்றுவிடும். எல்லோரும் அந்தத் துளையை வயிற்றுக்கு அடியில், யாரும் பார்க்காத இடத்தில் போடுவார்கள். அவன் தும்பிக்கை வழியாக விட்டான். யானை எங்கே மூச்சு விடுமோ அங்கே. பிறகு நுனியைச் சுருட்டினான். ஈரத் துணியை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, குழந்தையின் விரலை மடக்குகிற மாதிரி. தையல்நாயகியைக் கூப்பிடவில்லை. அவளும் கேட்கவில்லை. துணியை எடுத்துப் பார்த்திருப்பாளா? பார்த்திருக்க மாட்டாள். பார்க்கிற தைரியம் அவளுக்கு இருந்தால் பகலெல்லாம் யானையைப் பார்க்காமல் யானை சீவிக்கொண்டிருப்பாளா.

முதல் சூடு காட்டின அன்று, சூளைச் சுவரில் இருக்கிற பார்வை ஓட்டைக்கு நேரே முகக் கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தான். எல்லாச் சூளைக்காரர்களும் செய்வதுதான். உள்ளே ஈரம் மிச்சம் இருந்தால் கண்ணாடியில் ஆவி படியும், படிகிறவரை தீயை ஏற்றக் கூடாது. எத்தனையோ தடவை பிடித்திருக்கிறான், கண்ணாடியைப் பார்ப்பான், துடைப்பான், டீ குடிக்கப் போவான். அன்றைக்குக் கண்ணாடியில் வெள்ளையாக ஆவி படிந்தபோது கை அப்படியே நின்றுவிட்டது. மூச்சு. மாமனார் கலியபெருமாள் சாகக் கிடந்தபோது நாட்டாண்மை பண்ணுகிற அம்மாள் ஒருத்தி இப்படித்தான் கண்ணாடியைக் கொண்டுவந்து அவர் மூக்கருகே பிடித்தாள், தையல்நாயகி அதைப் பிடுங்கித் தூரப் போட்டுவிட்டுத் தன் கையை வைத்தாள். கண்ணாடி, கை. ஆவி வருகிறது, வருகிறது. துடைத்துவிட்டு மறுபடி பிடித்தான். கொஞ்சம் மங்கல். மறுபடி. ஒன்றும் இல்லை, பளிச்சென்று அவன் முகமே தெரிந்தது, நரைத்த மீசை, ராத்திரிக் கண். சூளையில் எல்லாமே தலைகீழ். மூச்சு நின்றால்தான் மண் பிழைத்தது. மூச்சு நின்றுவிட்டது, தீயை ஏற்று என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஏற்றினான். வெடிக்கவில்லை. அந்தச் சூட்டிலிருந்து இளஞ்சிவப்பாக, முழுசாக, நுனி சுருட்டினபடியே வந்தது. அப்போது வந்த நம்பிக்கைதான் இது. பிறகு சாம்பல் நிறப் பூச்சில் முக்கி எடுத்து இரண்டாவது சூட்டுக்கு வைத்தான். இரண்டாவதுதான் பெரிய சூடு.

பெரிய சூட்டில் மண்ணுக்குத் தன் நினைவு தப்பும். அதுதான் விஷயம். தீயில் வெளுத்துக் கனன்று நிற்கும்போது பீங்கான் கல் இல்லை, பாகு. நேராக நிற்பது சரியும், மெல்லிசாக நீட்டியிருப்பது தொங்கும், சுருட்டியிருப்பது பிரியும். படுத்த யானைக்குக் கால் பயம் இல்லை, அடியில் அதே மண்ணில் ஒரு தட்டு போட்டிருக்கிறான், யானை சுருங்கும்போது தரையும் சேர்ந்து சுருங்கும், அதனால் இழுபறி இல்லை. அவனும் தையல்நாயகியும் அப்படித்தான் என்று ஒருதரம் தோன்றியது, ராத்திரியும் பகலுமாக ஒரே சூட்டில் சேர்ந்தே சுருங்கியிருக்கிறார்கள், அதனால்தான் விரிசல் விடவில்லை. ஆனால் அந்த நுனி. "முட்டு குடு," என்றான் இருதயம், சூளைக்குள் தள்ளுகிற வண்டியில் அடுக்கும்போது. "சின்னதா ஒரு மண் குச்சியை நிறுத்தி வையி. பிரிஞ்சா அழுவாதே." முட்டுக் கொடுத்தால் அந்த இடத்தில் வடு விழும், தும்பிக்கையில் புண் மாதிரி. கொடுக்கவில்லை. என் சுருட்டு நிற்கும் என்றான். நிற்கும். ஆனாலும் கடைசி நிமிஷத்தில், வண்டியைத் தள்ளும் முன், தீயில் வேகாத சூளைப் பஞ்சை ஒரு கிள்ளு எடுத்துச் சுருட்டுக்கு அடியில் தலைகாணி மாதிரி வைத்தான். அது பயம் இல்லை. தூங்குகிறவளுக்குத் தலைகாணி வைப்பது பயமா? எரிக்கிற அன்றைக்கு ராத்திரி எத்தனை தடவை ஓட்டை வழியாகப் பார்த்திருப்பான். உள்ளே எல்லாமே ஒரே வெளிச்சம், யானையும் தட்டும் சுவரும் காற்றும் ஒரே நிறம், கண் கூசக் கூசப் பார்த்தால் ஒரு முதுகு தெரிகிறது, மலை மாதிரி. தும்பிக்கை அந்தப் பக்கம். அடுக்கும்போது அந்தப் பக்கமாகத் திருப்பி வைத்தது யார்? இவன்தான். வேண்டுமென்றுதான் வைத்தானோ. தெரிந்தே பார்க்க முடியாதபடி.

டொக்.

தலை தூக்கிவிட்டான். இருதயத்தைப் பார்த்தான். இருதயம் கேஸ் குழாயை ஸ்பேனரால் தட்டிக்கொண்டிருந்தான். "நான்தான்யா, நான்தான். மூஞ்சியப் பாரு." டிபன் பாக்ஸ் மடியிலிருந்து நழுவித் தரையில் உட்கார்ந்திருந்தது. பூவராகன் அதை எடுத்துத் துடைத்தான். திறந்து பார்த்தான். உப்புமா. ஒரு ஓரத்தில் ஊறுகாய், அவனுக்குப் பிடித்த எலுமிச்சை. ஒரு வாய் தின்றான். பசித்தது. எப்படிப் பசிக்கிறது? பசித்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம், உடம்புக்குத் தெரியும், காதுக்குத் தெரிகிற மாதிரி. நிற்கும் என்று சொன்னேன். நின்றிருக்கும். பாக்ஸை வழித்துத் தின்றான்.

இருதயம் கதவில் கையை வைத்துப் பார்த்தான். "ஆச்சு. கூப்பிடறவங்களக் கூப்பிடு."

கொட்டகை வாசலில் போய் நின்றான். உள்ளே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து யானைகளைச் சீவிக்கொண்டிருந்தார்கள். அவன் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. தையல்நாயகி நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தாள். ஸ்பாஞ்சு ஈரத்தோடே வந்தாள்.

"என்னக்கா, அண்ணன் தூக்கத்தை விட்டுட்டு ஒன்னைப் பார்க்க வந்திருக்காரு?" என்று உள்ளேயிருந்து ஒருத்தி.

"எனக்கே பகல்ல இவரு மூஞ்சி மறந்துபோச்சுடி," என்றாள் இவள். சிரிப்பு. ஆனால் வாசலைத் தாண்டியதும் அந்தச் சிரிப்பு அவள் முகத்தில் இல்லை.

கதவு கிறீச்சென்று திறந்தது. சூடு முகத்தில் அடித்தது, சுட்ட மண்ணின் அந்த வறண்ட வாசனை. இருதயமும் அவனும் வண்டியை இழுத்தார்கள். மேல் தட்டில் லட்சுமிகள் பளபளவென்று தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு வந்தன, டிங் டிங்கென்று சொல்லிக்கொண்டு. பிறகு கீழ் மூலை. முதுகு வந்தது. சாம்பல் பூச்சு முழங்காலில் கெட்டியாக நின்று, வயிற்றில் மெலிந்து, தோல்மேல் வெயில் பட்ட மாதிரி ஓடியிருந்தது. நினைத்ததைவிட நன்றாக ஓடியிருந்தது. காது முழுசு. வால் முழுசு. வண்டி இன்னும் ஒரு முழம் வெளியே வந்தது, அந்தப் பக்கம் தெரிந்தது. பூவராகன் கையை எடுத்தான்.

நுனி பிரிந்திருந்தது.

முழுசாக இல்லை. சுருட்டு பாதி அவிழ்ந்து, பஞ்சுத் தலைகாணி மேல் விரிந்து, கடைசி முனை லேசாக மேல்நோக்கி நின்றது. உடையவில்லை, வெடிக்கவில்லை, ஒரு கீறல் இல்லை. பிரிந்திருந்தது, அவ்வளவுதான். அது போதும். அவனுக்குக் காதுக்குள் ஒன்றுமே கேட்கவில்லை. சுருட்டலியே. நுனியைப் பார்த்திருக்கக் கூடாதா. இதை மறைக்க முடியாது, தண்ணீர்த் தொட்டியில் போட முடியாது. அவளைக் கூப்பிட்டு, இத்தனை வருஷத்துக்குப் பிறகு, மறுபடியும் அதன் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியாயிற்று. திரும்பி அவளைப் பார்க்கவேண்டும். திரும்பினான்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. "பிரிஞ்சிருக்கு," என்றாள்.

"பெரிய சூடு. முட்டு குடுத்திருக்கணும். இருதயம் சொன்னான், நான்தான்—"

அவள் குந்தி உட்கார்ந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, உள்ளங்கையைக் கொண்டுபோய் அந்த நுனிக்கு முன்னால் பிடித்தாள். தொடாமல், இம்மி தூரத்தில். அவனுக்கு அந்தக் கையைத் தெரியும். தினமும் கண்ணை மூடிக்கொண்டு பார்த்த கை. கண்ணைத் திறந்து இப்போதுதான் பார்க்கிறான். நடுங்கப்போகிறது என்று காத்திருந்தான். நடுங்கவில்லை.

"சூடா வருது," என்றாள்.

"உள்ள வெத்து. வயித்துல அடைஞ்ச சூடு அந்தத் துளை வழியாத்தான்—"

"சும்மா இரு."

அவள் கையை எடுக்கவில்லை. தலையைச் சாய்த்து யானையின் நெற்றியைப் பார்த்தாள், மூடின கண்ணைப் பார்த்தாள், மறுபடி நுனியைப் பார்த்தாள். எங்கேயோ ரொம்பத் தூரத்தில் வைத்துவிட்டு மறந்த ஒன்றைத் தேடுகிறவளின் முகம். பிறகு அது கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"அது எழுந்துக்கறதுக்கு முன்னாடி இப்படித்தான் பண்ணும்," என்றாள். "கண்ணைத் திறக்காது. நுனியத்தான் மொதல்ல பிரிக்கும். எறும்பு இருக்குதா, யாரு பக்கத்துல நிக்கறாங்கன்னு மோந்து பார்க்கும். அப்புறம்தான் கண்ணு. அப்பா சொல்லுவாரு, பங்கஜம் பல்லு வெளக்க ஆரம்பிச்சிடுச்சு, தழையக் கொண்டான்னு." சிரித்தாள். "எப்படி மறந்துபோனேன் இத. தினம் பார்த்தேனே. தினம் காலையில பார்த்தேனே."

நிஜமாகவே அப்படித்தான் செய்யுமா, இல்லை இவனுக்காகச் சொல்கிறாளா என்று ஒரு கேள்வி அவன் தொண்டைவரை வந்தது. கேட்கவில்லை. அவன் தூங்க வைத்து அனுப்பினான், நெருப்பு எழுப்பி அனுப்பியிருக்கிறது. நெருப்புக்கு அவனைவிட அதிகம் தெரியும் என்று ஒத்துக்கொள்வதில் அவனுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. தன் காலைப் பார்த்தான். ஆட்டம் நின்றிருந்தது. தூக்கம் வந்தது. நிஜமான தூக்கம், கண்ணுக்குப் பின்னாலிருந்து, ஈர மண் மாதிரி கனத்துக்கொண்டு.

"யானையே எழுந்துக்குது, நீ இன்னும் நின்னுகினு இருக்க," என்றாள் தையல்நாயகி, கையை எடுக்காமலே. "போய்ப் படுய்யா. நல்லாத் தூங்கு. மத்தியானம் நான் வந்து பார்க்கமாட்டேன்."

அவன் நடந்தான். கேட் வரைக்கும் போன பிறகுதான் அவள் என்ன சொன்னாள் என்பது மெதுவாக உள்ளே இறங்கியது. தெரிந்திருக்கிறது அவளுக்கு. இத்தனை நாளும் அவன் விட்டுக்கொடுத்த மூச்சு எது, தூங்குகிறவன் மூச்சு எது என்று தெரிந்தேதான் கையைப் பிடித்திருக்கிறாள். பின்னால் டிங்கென்று ஒரு சத்தம் வந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.